எல்வாவுக்குப் போகும் வழி: ஒக்சிதான் பேசும் ஆல்ப்ஸ் மலையூருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

எல்வாவுக்குப் போய்ச் சேர எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. குனேயோ நகரத்தில் மலைக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருந்தேன், அன்று அந்த நேரத்துக்கு வண்டியே கிடையாது. இரண்டாம் நாள் வாடகைக் காரில் கைபேசி வரைபடம் காட்டிய வழியில் போய், மூடிக் கிடந்த சாலையின் முன்னால் நின்றேன். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் ஊருக்குள் கால் வைத்தேன். விசாவுக்கு அலைந்த அலைச்சல் தனிக்கதை. இதில் எதுவுமே உங்களுக்கு நேர வேண்டியதில்லை. முன்கூட்டித் தெரிந்திருந்தால் போதும்.

எல்வா இத்தாலியின் வடமேற்கில், பியமோன்ட் பகுதியின் குனேயோ மாகாணத்தில், மைரா பள்ளத்தாக்குக்கு மேலே 1,637 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெல்வோ தி எல்வா (3,064 மீட்டர்), கெர்சோஞோ (3,026 மீட்டர்) என்ற இரண்டு சிகரங்களின் அடியில், புல்வெளியில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் குக்கிராமங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். நிரந்தரமாக இருப்பவர்கள் நூறு பேர்கூட இல்லை. தெற்குப் பிரான்சில் பேசப்படும் ஒக்சிதான் மொழியின் ஒரு வடிவம் இங்கே இன்னும் வீட்டு மொழி.

1. எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

முதல்முறை போகிறவர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நல்லது. மலைச்சாலைகள் திறந்திருக்கும், தங்குமிடங்களும் திறந்திருக்கும். அக்டோபரில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். அந்த அழகுக்காகவே போகலாம், ஆனால் பல தங்குமிடங்கள் அப்போது ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். பனிக்காலத்தில் பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் போக வேண்டாம்.

ஆகஸ்ட் 15 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாதா விண்ணேற்புத் திருநாளான அன்று இத்தாலி முழுவதும் விடுமுறை. எல்வா கோயிலும் விண்ணேற்பு மாதா பெயரில்தான் இருக்கிறது. வெளியூர்களில் குடியேறிய குடும்பங்கள் திரும்பி வரும் நாட்கள் அவை. ஊர் நிறைந்திருக்கும், பாட்டும் ஆட்டமும் பார்க்க வாய்ப்பு அதிகம். அதே காரணத்தால் படுக்கை கிடைப்பது கடினம், பேருந்தும் குறைவு. அந்த வாரம்தான் வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே தங்குமிடத்துக்கு எழுதிவிடுங்கள்.

பக்கத்துப் பள்ளத்தாக்கான வரைத்தாவில், சம்பேய்ரே ஊரில் நடக்கும் ‘பாயியோ’ திருவிழாவைப் பற்றிக் கேள்விப்பட்டு அதற்காகவே கிளம்புகிறவர்கள் உண்டு. அது ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, பனிக்காலக் கடைசியில் கார்னிவல் சமயத்தில் நடப்பது. கடைசியாக 2023இல் நடந்தது. ஆண்டையும் தேதியையும் உறுதி செய்யாமல் விமான டிக்கெட் வாங்கிவிடாதீர்கள்.

எத்தனை நாள்? எல்வாவில் குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. காலையில் ஏறி மாலையில் இறங்கினால் கற்கூரை வீடுகளையும் கோயிலையும் பார்ப்பீர்கள், மனிதர்களைப் பார்க்க மாட்டீர்கள். பகலில் அவர்கள் புல் அறுக்கவும் மாடு பார்க்கவும் போயிருப்பார்கள். பேச்சு எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான்.

2. தங்குமிடம் முதலில், விசா பிறகு

நான் இதைத் தலைகீழாகச் செய்து மூன்று வாரம் இழந்தேன். இந்த மலையூர்களில் நட்சத்திர ஓட்டல் கிடையாது. இருப்பது ‘லொக்காந்தா’ என்ற சாப்பாட்டோடு கூடிய சிறு விடுதிகளும், நடைபயணிகளுக்கான ‘போஸ்தோ தாப்பா’ என்ற தங்குமிடங்களும்தான். பலவற்றுக்கு இணையப் பதிவு இல்லை. தொலைபேசியில் கூப்பிட்டால், “சரி, வாருங்கள், எழுதிக்கொண்டேன்” என்பார்கள். அவர்கள் வார்த்தை பிசகாது. ஆனால் விசா அதிகாரிக்கு அந்த வார்த்தை போதாது, காகிதம் வேண்டும்.

அதனால் தொலைபேசியில் பேசிய கையோடு இத்தாலிய மொழியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி எல்லார் பெயரும், கடவுச்சீட்டு எண்ணும், வரும் தேதியும் போகும் தேதியும் நீங்களே எழுதி, ‘கொன்ஃபெர்மா தி ப்ரேனொதாத்ஸியோனே’ (பதிவு உறுதிக் கடிதம்) தங்கள் விடுதியின் பெயர், முகவரி, கையெழுத்தோடு வேண்டும் என்று கேளுங்கள். வெறும் ‘ஓகே’ என்று பதில் வந்தால் பொறுமையாக மறுபடி கேளுங்கள். அங்கே சமைப்பவரும் கணக்குப் பார்ப்பவரும் மின்னஞ்சல் திறப்பவரும் ஒரே ஆளாக இருப்பார். பதில் வரப் பத்து நாள் ஆகலாம்.

முன்பணம் கேட்டால் அதற்கு ‘கப்பார்ரா’ என்று பெயர். வங்கி வழியாக வெளிநாட்டுக்கு 50 யூரோ அனுப்பப் போனால் வங்கிக் கட்டணமே பாரமாகிவிடும். அட்டையில் கட்டலாமா, அல்லது வந்ததும் தரலாமா என்று கேளுங்கள். விசாவுக்காகக் காத்திருப்பதைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

‘மெத்ஸா பென்ஸியோனே’ என்றால் படுக்கை, காலை உணவு, இரவுச் சாப்பாடு மூன்றும் சேர்ந்தது. ஒருவருக்கு ஓர் இரவுக்கு 60 முதல் 80 யூரோ என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுக்காதீர்கள். இரவில் பசித்தால் நடந்து போய் வாங்க அங்கே கடைத்தெரு இல்லை.

3. விசா: காகிதம், கட்டணம், நாள் கணக்கு

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் குறுகிய கால விசா, அதாவது இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; கடைசி எல்லை 15 நாள். சட்டப்படி முடிவு சொல்ல 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை போகலாம். இதற்கும் முன்னால், விண்ணப்பம் கொடுக்கும் நாளுக்கான முன்பதிவு கிடைப்பதுதான் பெரிய இடைஞ்சல். கோடைக்காலப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே முன்பதிவு தேடத் தொடங்குங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது.

காகிதங்களில் பலர் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும். மலையில் நடக்கப் போகிறவர்கள் மலைநடை அதில் சேருமா, எந்த உயரம் வரை என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். மலிவான காப்பீட்டில் அதை விலக்கி வைத்திருப்பார்கள்.

அப்புறம், எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் ஐந்து நாள், எல்வாவில் மூன்று நாள் என்றால் பிரான்சிடம்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வையுங்கள். ‘ஏன் இந்த ஊர்?’ என்ற கேள்வி நிச்சயம் எழும். ரோம், வெனிஸ் எதுவும் இல்லாமல் நூறு பேர்கூட இல்லாத ஊருக்கு ஒருவர் போகிறார் என்றால் அதிகாரிக்குப் புரியாது. ஊரின் பெயர், மாகாணம், அருகிலுள்ள ரயில் நிலையம், எந்த இரவு எங்கே என்ற பட்டியல், மொழியையும் மலைவாழ்வையும் பார்க்க ஆர்வம் என்று எளிமையாக எழுதினால் போதும். என் முதல் விண்ணப்பத்தில் இந்தக் கடிதம் இல்லை. கூடுதல் விளக்கம் கேட்டு வந்த பிறகுதான் எழுதிக் கொடுத்தேன்.

4. குனேயோ வரை ரயில்

விமானத்தில் டூரினுக்கோ மிலானுக்கோ வரலாம். டூரின் போர்த்தா நுவோவா நிலையத்திலிருந்து குனேயோவுக்கு வட்டார ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி ஆகும், கட்டணம் பத்து யூரோவுக்குள். இதற்கு முன்பதிவு வேண்டாம். ஆனால் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். கைபேசியில் வாங்கினால், ஏறும் முன் அதில் ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். கையில் சீட்டு இருந்தும் இதைச் செய்யாததால் அபராதம் கட்டிய பயணிகளை நானே பார்த்தேன்.

5. ட்ரோனேரோவில் அரை நாள்

குனேயோவிலிருந்து இருபது கிலோமீட்டரை ஒட்டிய தூரத்தில், மைரா பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கிறது ட்ரோனேரோ. இதை வெறும் வண்டி மாறும் இடமாக நினைத்துக் கடந்துவிடாதீர்கள். மூன்று வேலையை இங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பணம் எடுப்பது. மேலே போய் ஏ.டி.எம். தேடாதீர்கள். அட்டை இயந்திரம் வைத்திருக்கும் விடுதியிலும் இணைப்பு இல்லாத நாளில் ரொக்கம்தான். இரண்டு இரவுக்கு ஒருவருக்கு 200 யூரோ கையில் இருக்கட்டும், சின்னத் தாள்களாக.

இரண்டாவது, மருந்து, பழம், பிஸ்கட், கார் என்றால் பெட்ரோல். எல்லாமே இங்கே.

மூன்றாவதுதான் முக்கியம். ‘எஸ்பாசி ஒக்சிதான்’ என்ற பண்பாட்டு நிறுவனம் இந்த ஊரில் இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்தில் ஒக்சிதான் மொழியைக் காதால் கேட்கலாம், மொழி எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் அங்கே செலவழித்துவிட்டு மேலே போனால், எல்வாவில் காதில் விழுவது இத்தாலியனா ஒக்சிதானா என்று பிரித்தறிய முடியும். திறக்கும் நாளும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். முந்தின நாளே கேட்டுவிட்டுப் போங்கள். எந்த ஊரில் எந்த இரவு நடனக்கூட்டம் என்பதையும் இங்கே கேட்கலாம்.

6. மேலே ஏறுவது: நான் தவறிய இடம்

பேருந்து குனேயோவிலிருந்து ட்ரோனேரோ வழியாகப் பள்ளத்தாக்கின் அடிச்சாலையில் அச்செல்யோ வரை போகிறது. எல்வா அந்தச் சாலையில் இல்லை. நீங்கள் இறங்க வேண்டியது ஸ்ட்ரோப்போ. அங்கிருந்து மேலே ஏறுவதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

கால அட்டவணையைப் படிக்க நான்கு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். ‘ஃபெரியாலே’ என்றால் வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேரும். ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் விடுமுறையும். ‘ஸ்கொலாஸ்திகோ’ என்றால் பள்ளி நடக்கும் நாளில் மட்டும். கோடையில் அந்த வண்டி ஓடாது. ‘ஸொஸ்பேஸோ’ என்றால் நிறுத்தி வைக்கப்பட்டது. நான் நம்பிக் காத்திருந்தது பள்ளி நாள் வண்டி. ஓரத்தில் இருந்த சின்ன எழுத்தை நான் படிக்கவில்லை.

ஸ்ட்ரோப்போவிலிருந்து மேலே போக, தங்கப்போகும் விடுதியையே முன்கூட்டிக் கேளுங்கள். சிலர் வந்து அழைத்துப் போவார்கள், அல்லது வண்டி வைத்திருப்பவரைச் சொல்வார்கள். கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். அந்த மலைச்சாலையில் வழிமறித்து ஏற வாடகைக் கார் வராது.

சொந்தமாகக் கார் ஓட்டுவதாக இருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து எல்வாவுக்கு ஒரு குறுக்குச் சாலை உண்டு, ‘வல்லோனே’ என்பார்கள். செங்குத்தான பாறை இடுக்கில் குடைந்த பழைய சாலை. பாறை விழும் ஆபத்தால் 2014 முதல் அது போக்குவரத்துக்கு மூடப்பட்டது. வரைபடத்தில் அதுதான் மிகக் குறுகிய வழியாகத் தெரியும். தடுப்பின் முன் போய் நின்று, திருப்ப இடமில்லாமல் பின்னோக்கி ஓட்டிவந்த அந்த அரை மணி நேரத்தில் நான் பயந்த பயம் கொஞ்சமல்ல. ஸ்ட்ரோப்போவிலிருந்து கவல்லீனா கணவாய் வழியாகப் போகும் சாலையையே எடுங்கள். வரைபடத்தில் சேரிடமாக எல்வாவைப் போடாமல், முதலில் ஸ்ட்ரோப்போவைப் போட்டு, அங்கே பலகையைப் பார்த்து ஏறுங்கள். வரைத்தா பக்கமிருந்து 2,284 மீட்டர் உயரமுள்ள சம்பேய்ரே கணவாய் வழியாகவும் வரலாம். ஆனால் பனிக்காலத்தில் அது மூடியிருக்கும்.

இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டணம், ஓராண்டு செல்லும். வாடகை நிறுவனம் ஓட்டுபவர் பெயரிலேயே கடன் அட்டை கேட்கும். டெபிட் அட்டையை நம்பிப் போகாதீர்கள். இருக்கிறதிலேயே சின்னக் காராக எடுங்கள். ஒரு வண்டி மட்டுமே போகும் அகலத்தில் எதிரெதிரே சந்தித்தால், மலைச்சாலை விதிப்படி பொதுவாக இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பலகை உள்ள சாலைகளில் பனிக்கால டயரோ சங்கிலியோ கட்டாயம். டூரின், குனேயோ நகர மையங்களில் வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் உண்டு. தெரியாமல் நுழைந்தால் அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வீட்டுக்கே வரும்.

நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்குப் பிடித்ததும் அதுதான். மைரா பள்ளத்தாக்கைச் சுற்றி ‘பெர்கோர்ஸி ஒக்சிதானி’ என்ற பல நாள் நடைபாதை இருக்கிறது. அதில் எல்வாவும் ஒரு தங்கல். பி, ஓ என்ற இரண்டு எழுத்துகளோடு மஞ்சள் அடையாளம் பூசியிருப்பார்கள். ஸ்ட்ரோப்போவின் சான் மார்த்தீனோ குக்கிராமத்திலிருந்து எல்வாவுக்கு நடக்க அரை நாள் ஒதுக்குங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை வரும். ஓநாய்கள் திரும்பி வந்துவிட்டதால் ஆட்டுமந்தைகளோடு பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கும். மந்தையைக் கண்டால் நல்ல தூரம் விலகிச் சுற்றிப் போங்கள். ஓடவும் வேண்டாம், கம்பை ஓங்கவும் வேண்டாம். அவசர எண் 112.

7. சாப்பாடு: சைவர்கள் முன்கூட்டிச் சொல்லுங்கள்

வந்து உட்கார்ந்த பிறகு சைவம் என்றால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. பதிவு செய்யும்போதே எழுதுங்கள். ‘வெஜெத்தாரியானோ’ என்று மட்டும் எழுதினால் போதாது. இறைச்சி, மீன், நெத்திலி மூன்றும் வேண்டாம் என்று பிரித்து எழுத வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கு மனிதர்கள் ஒரு காலத்தில் நெத்திலி வியாபாரத்துக்குப் போனவர்கள். கடல் தெரியாத மலையிலும் சாப்பாட்டில் நெத்திலி கலந்திருப்பதற்கு அதுதான் காரணம். ‘பாஞ்ஞா கவுதா’ என்ற சூடான குழம்பைக் காய்கறியோடு வைப்பார்கள். பார்த்தால் சைவம்போலத் தெரியும், உள்ளே கரைந்திருப்பது நெத்திலி.

நம்பிச் சாப்பிடக்கூடியது ‘ரவியோலஸ்’. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் பிசைந்து, நடுவில் பருத்து இரண்டு முனையும் கூராக உருட்டி வேகவைத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றித் தருவார்கள். மக்காச்சோள மாவில் கிளறும் களியான பொலெந்தாவும் நல்லது. கண்டிப்பான சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இங்குள்ள மரபான பாலாடைக்கட்டிகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பது வழக்கம்.

8. ஊருக்குள் நடந்துகொள்ளும் விதம்

முதல் வார்த்தை வணக்கமாக இருக்கட்டும். ‘பூன் ஜூர்ன்’ என்று சொல்லுங்கள். விடைபெறும்போது ‘ஆர்வெய்ரே’. இரண்டே சொல்தான். எனக்கு முதல் நாள் முகம் கொடுக்காத ஒரு முதியவர், மறுநாள் நான் ‘பூன் ஜூர்ன்’ என்றதும் நின்று, என் உச்சரிப்பைத் திருத்திவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர்கள் பேசுவதை ‘வட்டார வழக்கு’ என்று சொல்லாதீர்கள். ஒக்சிதான் தனி மொழி. இத்தாலியின் 1999ஆம் ஆண்டின் 482ஆம் எண் சட்டம் பாதுகாக்கும் பன்னிரண்டு சிறுபான்மை மொழிகளில் ஒன்று. நம் மொழியை யாராவது அப்படிச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும். சிவப்புத் துணியில் பொன்னிறச் சிலுவை போட்ட கொடியை வீடுகளில் பார்ப்பீர்கள், அது ஒக்சிதான் கொடி.

நடனக்கூட்டம் கிடைத்தால் விடாதீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் நரம்பை உரசி ஒலிக்கும் கிரோந்தா, கைத்துருத்தி, வயலின் இவைதான் வாத்தியங்கள். ‘கூரெந்தோ’, ‘ஜீகோ’ ஆட்டங்களை முதல் சுற்று ஓரமாக நின்று காலைப் பாருங்கள். இரண்டாவது சுற்றில் யாராவது கை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள். தப்பாக ஆடினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே நிற்பவர்களை யாரும் ஆட அழைப்பதில்லை. முகம் விழும் படம் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கோயிலின் உட்சுவரில், இயேசு சிலுவையில் அறையப்பட்ட காட்சியை ஹான்ஸ் கிளேமர் தீட்டிய ஓவியம் இருக்கிறது. ‘எல்வாவின் ஆசான்’ என்றே அவரை அழைக்கிறார்கள். ஃபிளாஷ் வேண்டாம். பூட்டியிருந்தால் திரும்பிவிடாமல் விடுதியில் கேளுங்கள். கோயில் இருக்கும் செர்ரே குக்கிராமத்திலேயே தலைமுடி அருங்காட்சியகமும் இருக்கிறது. எல்வா ஆண்கள் பனிக்காலத்தில் வட இத்தாலி முழுக்க நடந்து பெண்களின் முடியை வாங்கிவந்து, பதப்படுத்தி, டோப்பா செய்ய விற்ற தொழிலைக் காட்டும் இடம். சின்னதுதான், தவறவிடாதீர்கள். இதற்கும் திறக்கும் நேரத்தை முந்தின நாளே கேட்க வேண்டும்.

9. இறங்கும் முன்

கடைசி இரவே மறுநாள் வண்டியை உறுதி செய்யுங்கள். காலையில் எழுந்து தேடினால் வண்டி வைத்திருப்பவர் ஏற்கெனவே கீழே போயிருப்பார்.

இன்னொன்று. வேறு ஷெங்கன் நாட்டின் வழியாக இத்தாலிக்குள் வந்திருந்தால், எட்டு நாளுக்குள் காவல்துறையிடம் வருகையைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். விடுதியில் தங்குகிறவர்களுக்கு அங்கே நிரப்பிக் கையெழுத்திடும் பதிவே அதற்கு ஈடாகும். அதன் நகலைக் கேட்டு வாங்கிக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ரசீதையும் வாங்குங்கள், அடுத்த முறை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, சொன்ன ஊரில் சொன்ன நாளில் தங்கினீர்கள் என்பதற்கு இந்த இரண்டு காகிதமும் உதவும்.